கவனம் என்னும் கொடை

வகுப்பறைக்குள் மாணவர் கைப்பேசி வைத்திருக்கலாமா என்னும் வினா எழுந்தவுடன் நாம் இரு அணிகளாகப் பிரிந்துவிடுகிறோம். காலத்தின் கருவியைப் பிள்ளைகளின் கையிலிருந்து பறிப்பது பிற்போக்கு என்பர் ஒரு சாரார். படிப்பைக் கெடுக்கும் பகை அது என்பர் மறு சாரார். இரு சாராரும் கருவியைப் பற்றியே வாதிடுகின்றனர்; அதை ஏந்தும் மாணவரின் உள்ளத்தை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

தடை வேண்டுவோரிடம் வலுவான சான்றுகள் உள்ளன. பிரான்சு நாடு 2018-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றி, ஏறத்தாழ 15 வயது வரையிலான மாணவர்கள் பள்ளியில் கைப்பேசியைப் பயன்படுத்துவதைத் தடுத்தது. ஒருமுறை சிதறிய கவனம் மீண்டும் பாடத்தில் ஒன்றுவதற்குச் சிலருக்கு 20 நிமிடங்கள் வரை ஆகலாம் என 2023-இல் வெளிவந்த யுனெஸ்கோவின் உலகக் கல்வி அறிக்கை சுட்டியது. பாடவேளை 40 நிமிடம் எனில், ஒரேயொரு குறுஞ்செய்தி அதில் பாதியை விழுங்கிவிடக்கூடும்.

ஆயினும் மறுபக்கத்தையும் நேர்மையோடு நோக்க வேண்டும். பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகளுக்கு, தமிழகத்தில் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் 2021 நவம்பரில்தான் திரும்பினர். அந்நாள்களில் பலருக்குக் கைப்பேசியே பள்ளியாயிற்று. வீட்டிலிருந்த ஒரே கைப்பேசி தந்தையோடு வேலைக்குச் சென்றுவிட்டால், பிள்ளையின் பாடம் மாலைவரை காத்துக் கிடந்தது. அன்று கடன்பட்டேனும் வாங்கித் தந்த பொருளை இன்று குற்றப்பொருள்போல் நடத்தினால், பிள்ளைகள் நம் சொல்லை எங்ஙனம் நம்புவர்?

2025-இல் தில்லி உயர் நீதிமன்றம் இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழியைக் காட்டியது. பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவருவதை முற்றாகத் தடுப்பது விரும்பத்தக்கதும் அன்று, நடைமுறைக்கு ஒத்ததும் அன்று. ஆனால் வகுப்பறையில் அதன் பயன்பாடு கூடாது என்றது. இது அறிவுக்குகந்த தீர்வே. எனினும், வகுப்பறைக்கு மட்டும் ஏன் இத்தனை காவல் என்னும் வினா எஞ்சி நிற்கிறது.

இதற்கு விடை தேடுவோர் சிமோன் வெய் என்னும் பிரெஞ்சு மெய்யியலாளரை நினைவுகூரலாம். பெண்கள் பள்ளிகளில் ஆசிரியப் பணியாற்றிய அவர், பள்ளிப் படிப்பின் உண்மைப் பயன் கவனிக்கும் ஆற்றலை வளர்ப்பதே என 1942-இல் எழுதினார். கணக்கிற்கு விடை கிட்டாவிடினும், அதன்மீது செலுத்திய கவனம் வீணாவதில்லை. அப்பயிற்சியே இறைவேண்டலுக்கும், துன்புறுவோரை உற்றுநோக்கும் அன்புக்கும் அடித்தளமாகும் என்பது அவர் கருத்து.

அங்ஙனமாயின் கவனம் என்பது மதிப்பெண்ணுக்கான முதலீடு மட்டுமன்று; ஒருவர் மற்றவருக்கு அளிக்கும் கொடை. தயங்கித் தயங்கி ஐயம் கேட்கும் பின்வரிசை மாணவனை நாற்பது பேரும் செவிமடுக்கும்போது, அவன் தன்னை மதிப்புக்குரியவனாக உணர்கிறான். மேசைக்கடியில் ஒளிரும் திரையை நோக்கிப் பார்வைகள் தாழும்போது, அவன் அடுத்த முறை வாய் திறப்பானோ?

தடையினால் தன்னடக்கம் வளருமா எனச் சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். ஆனால், பார்ப்பவரின் கண்ணைப் பிடித்து வைத்திருப்பதையே வருவாயாக்கிக்கொண்ட பெருந்தொழிலை எதிர்த்துப் பதின்மூன்று வயதுப் பிள்ளையைத் தனியே போராட விடுவது விடுதலை ஆகாது. எல்லாரும் ஒருங்கே ஒப்படைக்கும்போது, தான் மட்டும் எதையோ இழக்கிறோம் என்னும் அச்சம் எவருக்கும் இராது. விதி இங்கே தண்டனையன்று. பலர் சேர்ந்து தாங்கும் ஒரு சுமை.

அச்சுமையில் மூத்தோருக்கும் பங்குண்டு. பாடம் நடத்துகையில் ஆசிரியரின் கைப்பேசியும் ஒலிக்கலாகாது. அவசரச் செய்தியைப் பெற்றோர் பள்ளி அலுவலகத்தின் வழியே தெரிவிக்கலாம். மாலையில் பிள்ளை தன் பள்ளிக்கதையைச் சொல்ல வரும்போது, நம் கையிலுள்ள திரையைக் கீழே வைத்துவிட்டு அதன் முகத்தைப் பார்ப்போம். பிள்ளைகளிடம் நாம் கேட்கும் கவனத்தை முதலில் நாம் அவர்களுக்கு அளிப்பதே முறை.