கொல்லாமை வேறு, கவனியாமை வேறு

கறவை மாடு வளர்க்கும் நம் சிராவகர் இல்லங்களில் நெடுநாளாக ஓர் ஐயம் உண்டு. பசுவின் குருதியை உறிஞ்சும் உண்ணியை என்ன செய்வது? பசு ஐயறிவுயிர். எறும்பு, பேன் முதலியவற்றை மூவறிவுயிர் என்பர் நம் ஆன்றோர். உண்ணியும் அவற்றை ஒத்ததே. ஒன்றைக் காக்க மற்றொன்றைக் கொல்லலாமா? விடை தெரியாமல் பலர் வாளா இருந்துவிடுகின்றனர். அவ்வாறு இருப்பது அஹிம்சையாகுமா என்பதே நம் கேள்வி.

எங்கள் இல்லத்துப் பெரியவர்கள் உண்ணிகளை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து, நசுக்காமல், வேலியோரம் விட்டுவருவார்கள். இரு உயிரும் பிழைத்தன என்று நாமும் மகிழ்ந்தோம். பின்னரே உண்மை அறிந்தோம். குருதி குடித்துப் பருத்த பெண் உண்ணி, மாட்டைவிட்டு நீங்கிய பிறகுதான் முட்டையிடும். அதுவும் 2,000 முதல் 3,000 வரை. சுவர் வெடிப்பிலும் புல்லடியிலும் அவை பொரித்து, குஞ்சுகள் புல் நுனியேறி அடுத்த மாட்டுக்காகக் காத்திருக்கும். நாம் காப்பாற்றியதாக எண்ணியது ஒன்று, பரப்பியது ஆயிரம். அவ்வாண்டு எங்கள் தொழுவத்தில் ஒரு கன்று காய்ச்சல் கண்டு, வெளிறி, தீனி மறுத்து இறந்தது. உண்ணியால் பரவும் தைலேரியா, பபேசியா நோய்கள் கலப்பினக் கன்றுகளுக்கு எமனாகும் என்பதை அன்று நாம் அறியோம்.

தத்துவார்த்த சூத்திரம் அருளிய உமாஸ்வாமிகள் ஹிம்சையின் இலக்கணத்தில் பிரமாதத்தை, அதாவது விழிப்பின்மையை, முதலில் வைத்தார். கை கொல்லாதிருந்தாலும் கவனியாமையால் உயிர் வாடினால் அப்பழி நம்மைச் சாரும். ஆகவே முட்டையிடுவதற்கு முன்பே இடங்கொடாதிருத்தலே குறைந்த ஹிம்சைக்கு வழி. சுவர் வெடிப்புகளைப் பூசுதல், சாணத்தையும் குப்பையையும் நாள்தோறும் அகற்றுதல், புதிதாக வாங்கிய மாட்டைச் சில நாள் தனியே கட்டி ஆராய்தல் ஆகியவை எளிய செயல்களே.

ஆயினும் ஒரு வீடு மட்டும் செய்து பயனில்லை. மேய்ச்சல் நிலம் பொது. அடுத்த வீட்டு மாட்டின் உண்ணி நம் மாட்டுக்கும் வரும். இங்கேதான் ஊராட்சியின் கடமை தொடங்குகிறது. 1992 ஆம் ஆண்டின் 73 ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பொருள்களில் கால்நடை வளர்ப்பையும் சேர்த்தது. கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புக்கான 2009 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அட்டவணையிலுள்ள நோய் கண்டதாக ஐயுற்றால் மாட்டின் உரிமையாளர் கிராம அலுவலருக்கோ ஊராட்சிப் பொறுப்பாளருக்கோ தெரிவித்தல் வேண்டும். நோயுற்றவற்றைப் பிரித்துவைப்பதில் உள்ளாட்சிக்கும் பொறுப்பு உண்டு. உண்ணி பரப்பும் நோய்களும் அவ்வட்டவணையில் உள்ளன.

மருந்திடும்போதும் பொறுப்பு தேவை. உண்ணிக்குத் தெளிக்கும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்றவை குளத்தில் கலந்தால் மீன்கள் மடியும். ஐவர்மெக்டின் சாணத்தின் வழியே வெளியேறிச் சாணவண்டுகளையும் தாக்கும். மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டுவதும், மருந்து தெளித்த மாட்டை ஏரியில் கழுவுவதும் தேவையற்ற ஹிம்சை. கழுவுவதற்குத் தனி இடம் அமைப்பது ஊராட்சி எளிதில் செய்யத்தக்கது.

இவ்வளவு செய்தபின்னும் நோயுற்ற பசுவுக்கு மருந்திட நேர்ந்தால் உண்ணிகள் மடியத்தான் செய்யும். அதனைப் புண்ணியம் என்று சொல்லிக்கொள்ள வேண்டா. அணுவிரதம் ஏற்ற இல்லறத்தார் தம் குறையை உணர்ந்து, மாலையில் பிரதிக்கிரமணம் செய்து, அடுத்த ஆண்டு அந்நிலை நேராதிருக்க முயல்வதே முறை.

அம்முயற்சி கோயிலில் மட்டும் நிகழ்வதன்று. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் நம்மவர் எத்தனை பேர் எழுந்து பேசுகிறோம்? ஊரிலுள்ள மாடுகள் அனைத்திற்கும் ஒரே காலத்தில் உண்ணித் தடுப்பு முகாம் வேண்டும் என்று கேட்பதும் ஜீவதயையே. வாயற்ற உயிர்களுக்காக நாம் வாய் திறத்தல் வேண்டும்.