மருந்து தருவோருக்கு அபயம்

நம் முன்னோர் தானத்தை உணவு, மருந்து, நூல், அபயம் என நான்காக வகுத்தனர். இன்றோ மருந்து தருவோருக்கே அபயம் இல்லையோ என்று மனம் நோகிறது.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள், சென்னை கிண்டியிலுள்ள கலைஞர் நூற்றாண்டு உயர்சிறப்பு மருத்துவமனையில், புற்றுநோய் மருத்துவர் பாலாஜி பணியில் இருக்கும்போதே கத்தியால் குத்தப்பட்டார். குத்தியதாகக் கைதானவர் கள்வரல்லர். அங்குச் சிகிச்சை பெற்ற ஓர் அம்மையாரின் மகன். தாய்க்குத் தக்க சிகிச்சை கிடைக்கவில்லை என்ற ஆத்திரமே காரணம் எனப்பட்டது. மருத்துவர் உயிர் பிழைத்தார். ஆனால் ஒரு வினா நிற்கிறது: தாயின்பால் கொண்ட அன்பு, பிறர்மீது கத்தியாகலாமா?

சட்டம் இல்லாமலில்லை. மருத்துவப் பணியாளரைக் காக்கத் தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இயற்றப்பட்டது. மருத்துவர், செவிலியர், அத்துறை மாணவர் ஆகியோரைத் தாக்கினால் 3 ஆண்டுக்குக் குறையாமல் 10 ஆண்டு வரை சிறை உண்டு. ஆயினும் 16 ஆண்டு கழித்தும் கத்தி உயர்ந்தது. சட்டம் கையைத் தண்டிக்கும். கையை உயர்த்திய சினத்தை அது எட்டுவதில்லை.

பிறரை மட்டும் குறை கூற எனக்குத் தகுதியில்லை. பல ஆண்டுகளுக்கு முன், என் கணவர் நெஞ்சுவலியால் ஒரு மருத்துவமனையில் கிடந்த இரவில், மருந்து தரத் தாமதித்த இளம் செவிலியைக் கடுஞ்சொல்லால் வைதேன். என் மாணவியரின் வயதுதான் அவளுக்கு. மறுமொழி பேசாது கண்களைத் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குச் சென்றாள். கட்டில்கள் பல, அவளோ ஒருத்தி. என் கண்ணுக்கு ஒரே கட்டில்தான் தெரிந்தது. ராகத்தையும் துவேஷத்தையும் ஆன்றோர் ஏன் சேர்த்தே கூறினர் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

அப்படியானால் குறையைக் கண்டும் வாய்மூடி இருப்பதா? அன்று. மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதே என 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முறையிடுதல் நம் உரிமை, தாக்குதல் இம்சை. மனம், சொல், செயல் மூன்றிலும் அது விலக்கத்தக்கது.

எங்கள் மானகிரியிலும் மருத்துவமனை விளக்கு இரவெல்லாம் எரிகிறது. அவ்வொளியில் விழித்திருப்போருக்குச் சட்டம் தரும் காவல் பாதிதான். மறுபாதியாகிய அபயதானத்தை, நோயாளியின் அருகில் நிற்கும் நாமே தரவேண்டும். அதற்குப் பொருட்செலவு இல்லை. சற்றே பொறுமை போதும். சிந்திப்போமாக!