கையும் கூலியும்

தன் வீட்டு வேலையைத் தானே செய்துகொள்வது மேலா, அல்லது அந்த வேலையைக் கற்றவரை அழைத்துக் கூலி கொடுத்துச் செய்யச் சொல்வது மேலா? கேட்டவுடன் இது தத்துவக் கேள்வியாகவே தோன்றாது. பணம் இருந்தால் ஆளைக் கூப்பிடுவது, இல்லாவிட்டால் நாமே செய்துகொள்வது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் பணத்தை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டுப் பாருங்கள். அதன் பிறகும் கேள்வி அப்படியே நிற்கும்.

கோடைக்காலத்தில் இந்தக் கேள்வி ஏ.ஸி. இயந்திரத்தின் வடிவில் நம் வீட்டுக்குள் வருகிறது. 1902-ஆம் ஆண்டில், நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் இருந்த ஓர் அச்சகத்துக்காக வில்லிஸ் காரியர் என்ற இளம் பொறியாளர் இதன் முன்னோடியை வடிவமைத்தார். மனிதர்களின் சுகம் அன்று அவருடைய நோக்கமாக இருக்கவில்லை. காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ண அச்சு இடம் பிசகிப் போவதைத் தடுக்க வேண்டும், அவ்வளவுதான். காகிதத்துக்காகப் பிறந்த குளிர்ச்சி இன்று நடுத்தரக் குடும்பத்தின் படுக்கையறைக்கு வந்துவிட்டது. மாதத் தவணையில் வாங்கி, மின்சாரக் கட்டணத்துக்குப் பயந்து, இரவில் சில மணி நேரம் மட்டுமே ஓட்டுகிற குடும்பங்கள் எத்தனையோ! கத்திரி வெயில் கொளுத்தும் நாளில் அது திடீரென்று நின்றுவிட்டால், கைக்குழந்தையும் முதியவர்களும் உள்ள வீட்டில் அது பெரிய நெருக்கடிதான். அப்படிப்பட்ட நேரத்தில் மனிதர்கள் நடந்துகொள்ளும் விதத்தில் அவர்களுடைய மனம் தெரிந்துவிடுகிறது.

எனக்குத் தெரிந்த இருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஒருவர் வங்கியில் உயர்ந்த பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அறையில் குளிர் குறைந்தால் உடனே மெக்கானிக்கைத் தொலைபேசியில் அழைத்துவிடுவார். மெக்கானிக் வந்து, முன்பக்க மூடியைத் தூக்கி, தூசி அடைத்த வலையை உருவிக் குழாயடியில் கழுவி மாட்டிவிட்டுப் போவார். வருஷத்துக்கு நான்கைந்து தடவை இது நடக்கும். ஒரு தலையணை உறையை மாற்றத் தெரிந்தவருக்கு இந்த வலையைக் கழுவி மாட்டத் தெரியும். ஆனால் நண்பர் செய்யமாட்டார். “நமக்கு எதற்கு ஸார் அதெல்லாம்? அதற்கென்று ஆள் இருக்கிறான்” என்பார்.

மற்றவர் இதற்கு நேர் எதிர். கல்லூரி ஆசிரியர், கெட்டிக்காரர். கைத்தொலைபேசியில் யாரோ செய்து காட்டுகிற படத்தைப் பத்து நிமிஷம் பார்த்துவிட்டுத் திருப்புளியைக் கையில் எடுத்துவிடுவார். வலையைக் கழுவுவதோடு நிறுத்த மாட்டார். வெளியே இருக்கிற பெட்டியையும் திறப்பார். கம்பிகளைக் கழற்றிப் பார்ப்பார். “இதில் என்ன பிரமாத வித்தை இருக்கிறது? சும்மா ஏமாற்றுகிறார்கள்!” என்பது அவர் கட்சி.

முதல்வரைச் சோம்பேறி என்றும், இரண்டாமவரைச் சுறுசுறுப்பானவர் என்றும் சொல்லிவிடலாம். பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். அது முழு உண்மை அன்று என்பதே என் எண்ணம்.

வங்கி நண்பர் சோம்பேறி அல்லர். விடியற்காலையில் எழுந்து நான்கு மைல் நடக்கிறவர் அவர். அவரைத் தடுப்பது உடம்பு அன்று, கௌரவம். கையில் அழுக்குப் படுவது ஒரு படி இறங்குவதாகும் என்ற எண்ணம் நம் நாட்டில் மிகப் பழையது. ஏடு பிடிக்கும் கை வேறு, கருவி பிடிக்கும் கை வேறு என்று பிரித்து, ஒன்றுக்கு மேலிடமும் மற்றொன்றுக்குக் கீழிடமும் கொடுத்து, அதைப் பிறப்போடும் முடிச்சுப் போட்டு வைத்த சமூகம் நம்முடையது. சட்டம் மாறிவிட்டது; படிப்பு பரவிவிட்டது. ஆனாலும் நாம் பேசுகிற பேச்சில் அந்தப் பழைய முடிச்சு இன்னும் அவிழவில்லை. “டாக்டர் வந்தார்” என்கிறோம், “ஏ.ஸி. மெக்கானிக் வந்தான்” என்கிறோம். இருவருமே நம் வீட்டு நெருக்கடியைத் தீர்க்க வந்தவர்கள்தாம். ஒருவருக்கு ‘ஆர்’ விகுதியும் மற்றவருக்கு ‘ஆன்’ விகுதியும் எந்த இலக்கணத்தின்படி வந்தன?

இந்த இடத்தில் காந்தியடிகள் தம் ‘சத்திய சோதனை’யில் சொல்லும் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. தென்னாப்பிரிக்காவில், பிரிட்டோரியா நகரில், ஓர் ஆங்கிலேய நாவிதர் அவருக்கு முடி வெட்ட மறுத்துவிட்டார். உடனே அவர் கத்தரிப்பான் ஒன்றை வாங்கி, கண்ணாடி முன் நின்று தாமே முடியை வெட்டிக்கொண்டார். முன்பக்கம் ஓரளவு சரியாக அமைந்தது. பின்பக்கம் கெட்டுப் போயிற்று. நீதிமன்றத்தில் நண்பர்கள் சிரியாய்ச் சிரித்தார்கள். அவர் பொருட்படுத்தவில்லை.

தன் கையே தனக்கு உதவி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா என்று கல்லூரி நண்பர் துள்ளிக் குதிப்பார். சற்றுப் பொறுக்க வேண்டும். அதே காந்தியடிகள் 1904-இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு ரயிலில் போகும்போது ரஸ்கின் எழுதிய நூல் ஒன்றைப் படித்தார். இரவு முழுவதும் அவருக்குத் தூக்கம் வரவில்லை. அந்த நூலிலிருந்து அவர் கற்றுக்கொண்ட பாடங்களில் ஒன்று, வக்கீலின் உழைப்புக்கும் நாவிதரின் உழைப்புக்கும் மதிப்பு ஒன்றே என்பது. தமக்குத் தாமே முடி வெட்டிக்கொண்ட வக்கீல், நாவிதரின் தொழில் அற்பம் என்ற முடிவுக்கு வரவில்லை. தம் தொழிலுக்குச் சமமானது என்ற முடிவுக்கு வந்தார். தன் கையால் வேலை செய்வதன் உண்மையான பயன் அதுதான். அது நம்மை மற்றவர் உதவி தேவைப்படாதவர்களாக்குவதற்காக ஏற்பட்டதன்று. மற்றவருடைய உழைப்பின் கனம் எவ்வளவு என்று நம் கைக்குத் தெரிவிக்க ஏற்பட்டது.

இனி, கல்லூரி நண்பரைப் பார்ப்போம். அவருக்குக் கை அழுக்காவதில் கூச்சம் இல்லை. அது பாராட்டத்தக்கதே. ஆனால் அவர் திறக்கும் பெட்டிக்குள் என்ன இருக்கிறது? கம்ப்ரஸரை ஓட வைக்கும் கெபாஸிட்டர் என்ற சிறு உருளை அதில் இருக்கிறது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அது தனக்குள் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கக் கூடியது. சுவிட்சை அணைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் தொடுகிறவரை அது தூக்கி எறியும். அப்புறம், செப்புக் குழாய்களுக்குள் அதிக அழுத்தத்தில் ஓடுகிற வாயு. இன்று விற்பனையாகும் பல இயந்திரங்களில் இருப்பது ஆர்-32 என்ற வாயு. அது ஓரளவு தீப்பற்றக் கூடியது. சில இயந்திரங்களில் இருப்பதோ புரொப்பேன். அது நன்றாகவே பற்றி எரியும். குழாயில் கசிவு இருக்கிறதா என்று சோதிக்க நைட்ரஜனைச் செலுத்துவார்கள். விவரம் தெரியாமல் ஆக்ஸிஜனைச் செலுத்தினால், உள்ளே இருக்கிற எண்ணெயோடு சேர்ந்து அது வெடித்துவிடும். இவற்றையெல்லாம் கற்பதற்காகத் தொழிற்பயிற்சி நிலையங்களில் இரண்டு ஆண்டுப் பயிற்சி வைத்திருக்கிறார்கள். நண்பரோ பத்து நிமிஷத்தில் கற்றுவிட்டதாக நினைக்கிறார்.

“என் இயந்திரம், என் உயிர், உங்களுக்கு என்ன?” என்று அவர் கேட்கலாம். அங்கேதான் நீதி நுழைகிறது. நம் செயலின் விளைவு நம்மோடு நிற்குமானால் அதில் பிறர் தலையிட நியாயம் குறைவு. காந்தியடிகளின் பின்மண்டை முடி கெட்டதால் கெட்டது அவர் தலை ஒன்றுதான். ஆனால் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு வீட்டில் பற்றும் தீ அந்த வீட்டோடு நிற்காது. தெரியாத கை வெளியேற்றுகிற வாயுவும் அந்தத் தெருவோடு நிற்காது. ஒரு கிலோ ஆர்-32 காற்றில் கலந்தால், நூறாண்டுக் கணக்கில், அது பூமியைச் சூடாக்குவது சுமார் 675 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். பழைய இயந்திரங்களில் இருக்கும் ஆர்-22 என்ற வாயுவோ சுமார் 1,800 மடங்கு. ஓஸோன் படலத்தையும் அது அரிக்கிறது. 1987-இல் மான்ட்ரியல் நகரில் உலக நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தது இத்தகைய வாயுக்களுக்காகத்தான். நம் அறை குளிர்வதற்காக, பெயர் தெரியாத ஒருவருடைய வயலை இன்னும் கொஞ்சம் காய வைக்க நமக்கு உரிமை இல்லை.

ஆகவே எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பது அவ்வளவு கடினமான கேள்வி அன்று. தவறினால் நமக்கு மட்டும் நஷ்டம் என்கிற வேலையை நாமே செய்யலாம், செய்யவும் வேண்டும். வலையைக் கழுவுவது, தண்ணீர் வடியும் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது, வெளிப் பெட்டியின் முன் பழைய சாமான்களைக் குவிக்காமல் காற்றுக்கு வழி விடுவது எல்லாம் அப்படிப்பட்டவை. தவறினால் பிறருக்கும் தீங்கு வரும் என்கிற வேலையைக் கற்றவரிடம் விட்டுவிட வேண்டும். மின்சாரம், வாயு, உயரம் ஆகிய மூன்றும் அந்த இரண்டாவது வகை.

இந்த இரு நண்பர்களும் எதிரெதிர்த் திசையில் நிற்பதாகத் தோன்றினாலும், இருவருக்கும் பொதுவான நோய் ஒன்று உண்டு. இருவருமே மெக்கானிக்கின் தொழிலை மதிக்கவில்லை. ஒருவர், அது தம் கை படத் தகாத அளவுக்குக் கீழானது என்று நினைக்கிறார். மற்றவர், அது யார் வேண்டுமானாலும் செய்துவிடக் கூடிய அளவுக்கு எளியது என்று நினைக்கிறார். முன்னதை அலட்சியம் என்றும் பின்னதைத் தன்னம்பிக்கை என்றும் சொன்னாலும், இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை.

சரி, கற்றவரையே கூப்பிட்டுவிட்டோம். கேட்ட கூலியையும் கொடுத்துவிட்டோம். அதோடு நம் கடமை தீர்ந்ததா? நகரத்து அடுக்குமாடிக் கட்டடங்களைக் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். மூன்றாவது மாடி, நான்காவது மாடிச் சுவர்களில், எட்டாத இடங்களில் வெளிப் பெட்டிகள் தொங்கிக்கொண்டிருக்கின்றன. வீட்டுக்குள் இடம் அடைக்கக் கூடாது, பால்கனியின் அழகு கெடக் கூடாது என்று நாம்தான் அவற்றை அங்கே மாட்டச் சொன்னோம். அது பழுதானால், ஓர் இளைஞர் ஜன்னல் வழியே வெளியேறி, ஒரு முழ அகலம்கூட இல்லாத ‘சன்ஷேடில்’ கால் வைத்து நிற்கிறார். இடுப்பில் கயிறு கிடையாது. ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் திருப்புளியைத் திருப்புகிறார். நாம் உள்ளே இருந்துகொண்டு, “பார்த்து, தம்பி, பார்த்து!” என்கிறோம். அந்த ஒரு வார்த்தையோடு நம் பொறுப்பைக் கழித்துக்கொள்கிறோம்.

கூலி என்பது உழைப்புக்கும் கல்விக்கும் கொடுக்கிற விலை. உயிருக்கு விலை அதில் சேரவில்லை. “கயிறு இல்லாமல் ஏறாதீர்கள், நாளைக்குக் கயிற்றோடு வாருங்கள், இன்று நாங்கள் மின்விசிறியோடு சமாளித்துக்கொள்கிறோம்” என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வருகிறது? ஓர் இரவுப் புழுக்கத்தைப் பொறுத்துக்கொள்ள நமக்கு முடியாது. அதற்காக வேறு ஒரு வீட்டுப் பிள்ளையைச் சுவர் ஓரத்தில் நிற்க வைக்க முடிகிறது. அவர் சம்மதித்துத்தானே ஏறினார் என்பது சரியான சமாதானம் ஆகாது. அடுத்த வேலை போய்விடுமோ என்று அஞ்சுகிறவரின் சம்மதத்தை முழுச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

வேலை முடிந்ததும் இன்னொரு காட்சி. “பத்து நிமிஷ வேலைக்கு இத்தனை ரூபாயா?” என்று பேரம் தொடங்குகிறது. ஐந்து நிமிஷம் நாடி பார்த்து இரண்டு வரி எழுதித் தரும் டாக்டரிடம் நாம் நிமிஷக் கணக்குப் பார்ப்பதில்லை. அவர் படித்த வருஷங்களுக்குக் கொடுக்கிறோம் என்று நமக்குத் தெரியும். மெக்கானிக் பத்து நிமிஷத்தில் பழுதைக் கண்டுபிடிப்பதற்குப் பின்னாலும் வருஷங்கள் இருக்கின்றன. தெரியாதவராக இருந்தால் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டிருப்பார். நாமும் மகிழ்ச்சியோடு அதிகம் கொடுத்திருப்போம்!

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. “எல்லாரும் யோக்கியர்களா? கேஸ் குறைந்துவிட்டது என்று வருஷா வருஷம் பணம் பறிக்கிறார்களே?” என்று வாசகர்களில் சிலர் கேட்பார்கள். பறிக்கிறவர்கள் இருக்கத்தான் இருக்கிறார்கள். மருத்துவத்திலும் வக்கீல் தொழிலிலும் இல்லாத ஏமாற்றா? அதற்கு மருந்து தொழிலையே வெறுப்பதன்று; நாமும் கொஞ்சம் தெரிந்துகொள்வது. ஏ.ஸி.யில் இருக்கும் வாயு பெட்ரோலைப் போல ஓட ஓடத் தீர்ந்து போவதில்லை. மூடிய குழாய்க்குள் அதுவே சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் மறுபடி நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதாகும். இந்த ஒரு விஷயம் தெரிந்தவர், “கசிவு எங்கே என்று பார்த்தீர்களா?” என்று மரியாதையாகக் கேட்கலாம். நேர்மையான மெக்கானிக் அந்தக் கேள்வியைக் கேட்டு மகிழ்வார். தம் தொழிலை ஒருவர் புரிந்துகொண்டு பேசுகிறார் என்ற மகிழ்ச்சி அது. நேர்மையற்றவர் சற்றுத் தயங்குவார். எப்படிப் பார்த்தாலும் நமக்கு நன்மைதான்.

குனிய முடியாத முதியவர்களுக்கும், வேலைக்கும் வீட்டுக்கும் இடையே ஓடிக்கொண்டிருக்கும் தாய்மார்களுக்கும் வலையைக்கூட நீங்களே கழுவுங்கள் என்று உபதேசிப்பது என் நோக்கம் அன்று. உடம்பால் முடியாதது வேறு. மனத்தால் முடியாதது வேறு. நான் சொல்வது இரண்டாவதைத்தான்.

நம் பிள்ளைகளுக்கு இந்த ஒன்றையாவது கற்றுக்கொடுக்கலாம். கோடை வருமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களையே அந்த வலையை உருவச் சொல்லுங்கள். கழுவி நிழலில் உலர்த்தி மாட்டச் சொல்லுங்கள். கைநிறையத் தூசி படியட்டும். அதற்கு அப்பால் உள்ள மூடியை ஏன் திறக்கக் கூடாது என்பதையும் விளக்குங்கள். பிறகு மெக்கானிக் வரும்போது, அவருக்கு ஒரு நாற்காலியும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொண்டு வந்து கொடுக்கச் சொல்லுங்கள். அவர் போன பிறகு, “மெக்கானிக் வந்தார், சரி செய்துவிட்டுப் போனார்” என்று அந்தப் பிள்ளை அப்பாவிடம் சொல்லுமானால், அந்த வீட்டில் இயந்திரத்தோடு வேறு ஒரு பழுதும் சரியாகிவிட்டது என்று நான் நம்புவேன்.