கல்பாசி காட்டும் உறவு

பள்ளியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற நான், இப்போது சைவ சித்தாந்த வகுப்பில் மாணவி. இறைவன் உயிரோடு உடலும் உயிரும்போல் ஒன்றாய், கண்ணும் ஞாயிறும்போல் வேறாய், கண்ணொளியும் உயிரறிவும்போல் உடனாய் நிற்கிறான் என்று ஆசிரியர் விளக்கும்போதெல்லாம், என் மனம் அஞ்சறைப் பெட்டியிலுள்ள கல்பாசிக்குப் போய்விடுகிறது.

காளானும், லைக்கன் வகையான கல்பாசியும் பூஞ்சை உலகத்தவை. காளானென்று நாம் பறிப்பது வித்துத் தூவ மேலெழுந்த உறுப்பு மட்டுமே. உயிரின் பெரும்பகுதி மண்ணிலோ மட்கிய மரத்திலோ இழைகளாகப் பரந்திருக்கும். அமெரிக்காவின் ஆரிகன் காட்டில் ஒரே ஒரு பூஞ்சை ஏறக்குறைய 9 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது. மேலே பல, கீழே ஒன்று. எல்லாம் ஒரே ஆன்மா என்னும் ஏகான்மவாதிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

கல்பாசி அந்தச் சாட்சியைச் சொல்லாது. மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால், நிறமற்ற பூஞ்சை இழைகளுக்கு நடுவே பச்சைப் பாசியின் உருண்டைச் செல்கள் தெரியும். வெயிலைக்கொண்டு பாசி ஆக்கும் சர்க்கரையைப் பூஞ்சை உண்கிறது. பாசிக்கு இடமும் காப்பும் தருகிறது. ஆய்வகத்தில் பிரித்து வளர்த்தால் பூஞ்சை வெறும் கட்டியாகத்தான் வளரும். இலைபோல் விரியும் அந்த உருவம் வராது. ஒன்றில் ஒன்று கரைந்துவிடவில்லை. ஆனாலும் சேர்ந்தாலொழிய அந்த வடிவம் இல்லை. உடனாய் நிற்றலை எனக்குக் கண்ணால் காட்டியது இதுதான்.

1869இல் சுவிஸ் தாவரவியலாளர் சைமன் சுவெண்டனர், இந்த உறவில் பூஞ்சையை எசமானாகவும் பாசியை அடிமைகளாகவும் வருணித்தார். அன்றைய லைக்கன் அறிஞர்கள் பலர் கொதித்தெழுந்தார்கள். ஆண்டான் அடிமை உறவு சித்தாந்திக்குப் புதிதல்ல. ஆனாலும் இந்த இடத்தில் ஒப்புமையை நிறுத்திவிட வேண்டும் என்பது என் எண்ணம். 2016இல் சில லைக்கன்களின் மேல்தோலில் ஈஸ்டும் இருப்பது தெரியவந்தது. இதைக் கேட்டதும், மூன்றென்றால் சித்தாந்தம் சொல்லும் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) தானே என்று வகுப்புத் தோழி ஒருவர் மகிழ்ந்தார். என்னால் ஒப்ப முடியவில்லை. பாசம் உயிரின் அறிவை மறைப்பது. ஈஸ்ட் எதையும் மறைக்கவில்லை.

அதைவிடப் பெரிய வேறுபாடு பசி. பாசி இல்லாவிட்டால் இந்தப் பூஞ்சை பட்டினி. சித்தாந்த ஆசான் மெய்கண்டார் காட்டும் இறைவனுக்கோ உயிரிடம் பெறவேண்டியது எதுவுமில்லை. உயிரின் பொருட்டே உடன் நிற்கிறான். ஏன் நிற்க வேண்டும் என்று கேட்டால் கல்பாசியிடம் விடை இல்லை. சித்தாந்தம் அருள் என்கிறது. அதை நம்புகிறேன், நுண்ணோக்கியைத் துணைக்கு அழைக்காமலே.