மயிலுக்குப் போர்வை, அப்பாவுக்கு ஸ்வெட்டர்



இன்னிக்கு ஒரு கேள்வி. கடையில் 500 ரூபாய்க்குக் கிடைக்கிற ஒரு பொருளை மூணு மாசம் உட்கார்ந்து கையால் செய்து ஒருத்தருக்குக் கொடுத்தால் அது அன்பா? இல்ல, "நான் எவ்வளவு பாசக்காரி" என்று நமக்கு நாமே காட்டிக்கிறதா?

கேள்வி வந்தது ஒரு ஸ்வெட்டரால். புதுவாயலில் ஸ்வெட்டரா என்று சிரிக்காதீங்க. எங்க அப்பா ஹைவே ஓரத்தில் ஒரு குடோனில் நைட் வாட்ச்மேன். மார்கழி மாசம் விடியற்காலையில் அந்த வெட்டவெளியில் பனி இறங்கும்போது நின்று பார்த்தால்தான் தெரியும். யூனிஃபார்ம் சட்டைக்கு மேலேயே போட்டுக்கணும் என்பதால் நல்லா தொளதொளன்னு பெரிய சைஸ். இருட்டில் லாரிக்காரங்க கண்ணில் படட்டும் என்று சாம்பல் நிறத்துக்கு நடுவில் மஞ்சள் பட்டைகள்.

பின்னிப் பழக்கமில்லாதவங்களுக்காகக் கொஞ்சம் கணக்கு. நான் எடுத்த உல்லன் நூலில், என் கைக்கு, 4 அங்குல அகலத்துக்கு 18 கண்ணி வருது. அப்பாவோட மார்புச் சுற்றளவு 36 அங்குலம். தொளதொளப்புக்கு 8 கூட்டினால் 44. முன்பக்கம் அதில் பாதி, 22 அங்குலம். அதாவது ஒரு வரிசைக்கு 99 கண்ணி. உயரத்துக்கு 156 வரிசை. முன்பக்கம் மட்டுமே 15,000 கண்ணிக்கு மேல். பின்பக்கமும் சேர்ந்தால் 30,000. அதுக்கப்புறம்தான் கை ரெண்டும். பட்டை மாறும் இடமெல்லாம் நூலை மாற்றணும், தொங்கும் நுனிகளைக் கடைசியில் உள்பக்கம் செருகணும்.

கூட வேலை செய்யற தோழி கேட்டா: "எதுக்குடி இந்தப் பாடு? லூதியானாவுல மெஷின் போட்டுத் தள்ளுது. பாரிமுனையில ஒண்ணு வாங்கிட்டு வந்துடு."

நியாயமான கேள்விதான். பக்தர்களான நம்மகிட்டயும் ஊர் இதையேதான் கேட்குது. முருகனுக்குப் பாலபிஷேகம் எதுக்கு, அவருக்கு என்ன பசியா? பழநியில் கோவணத்தோட நிக்கிறவருக்கு ராஜ அலங்காரம் எதுக்கு? இப்படிக் கேட்கிறவங்களை நாத்திகர்னு சொல்லித் தள்ளிவிட்டுடறோம். பதில் யோசிக்கிறதில்லை.

புதுவாயலுக்குப் பக்கத்தில்தான் சிறுவாபுரி. சொந்த வீடு வேண்டி ஆறு செவ்வாய்க்கிழமை வர்ற கூட்டம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். அங்கே மரகத மயிலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வள்ளல் பேகன் ஞாபகம் வரும். கடையெழு வள்ளல்களில் ஒருவர். நம்ம பழநி மலையைச் சுற்றின நாட்டை ஆண்ட ஆவியர் குடியில் பிறந்தவர். மழைக்காலத்தில் தோகை விரிச்சு ஆடின மயிலைப் பார்த்து, குளிரில் நடுங்குதுன்னு நினைச்சுத் தன் போர்வையைக் கொடுத்தவர். மயில் அதை உடுத்தாது, போர்த்தவும் செய்யாது. அது தெரிஞ்சும் கொடுத்தார் என்று பாடுகிறார் பரணர். கணக்குப் பார்க்காத இந்தக் கொடைக்குத் தமிழில் 'கொடைமடம்' என்று பேர். பேர்லயே மடம் இருக்கு, ஆனாலும் அது பாராட்டுதான்.

தோழிக்கு இதையே பதிலாகச் சொல்லிடலாம். அன்பு தேவையைக் கேட்காது, பேகன் கேட்டாரா என்று. ஆனால் பள்ளிக்கூடப் பாடம் அத்தோட முடிஞ்சுடுது, புறநானூறு முடியலை. இதே பேகன் தன் மனைவி கண்ணகியை (சிலப்பதிகாரக் கண்ணகி இல்லை, இவங்க வேற) விட்டுப் பிரிஞ்சு வேறொரு பெண்ணோடு இருந்தார். அந்தம்மா அழுதுகிட்டு இருந்தாங்க. கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார்னு நாலு புலவர்கள் அவர்கிட்ட போய்ப் பாடினாங்க. பரிசு கேட்டு இல்லை, "வீட்டுக்குப் போ" என்று சொல்ல. பரணர் அந்த இடத்துலயும் மயிலை இழுக்கிறார். மயிலுக்கு இரங்கினவனே, அவளுக்கு இரங்க மாட்டாயா என்கிற மாதிரி.

எனக்குத் தூக்கம் போன இடம் இதுதான். மயில் நடுங்கினது கண்ணில் பட்டது, மனைவி அழுதது படலை. ஏன்? மயில் திரும்பிப் பேசாது. "என்கூடக் கொஞ்ச நேரம் உட்காரு" என்று கேட்காது. போர்வையைக் கொடுத்துட்டு, நல்லவன் என்கிற நிறைவோட நடந்துடலாம். வீட்டில் இருக்கிறவங்களுக்கு அப்படிக் கொடுத்துட்டு நகர முடியாது.

ஸ்வெட்டருக்கும் இதே ஆபத்து உண்டு. அறைக்கதவைச் சாத்திக்கிட்டு 30,000 கண்ணி போட்டால் அதுவும் மயில் போர்வைதான். ஆனால் பின்னலில் ஒரு வசதி இருக்கு. ஊசியும் நூலும் மட்டும் போதாது, அப்பாவோட முதுகும் வேணும். கொஞ்சம் கொஞ்சம் வளர வளர அவர்மேல் வெச்சுப் பார்க்கணும். அப்படி வைக்கும்போதுதான் அவர் வலது தோள் இடதைவிட இறங்கியிருக்கிறது தெரிஞ்சது. வாட்ச்மேன் ஆகிறதுக்கு முன்னாடி இருபது வருஷம் மூட்டை சுமந்த தோள். அளவெடுக்கிற சாக்கில் அந்தக் காலத்துக் கதையெல்லாம் சொல்வார். அவர் நைட் டூட்டி முடிச்சுத் தூங்கி எழுந்து டீ குடிக்கும் நேரமாப் பார்த்து, வாசல் திண்ணையில் அவர் பக்கத்தில்தான் பின்னறேன்.

அதனால் தோழிக்கு என் பதில் இது. கையால் செஞ்சதாலேயே ஒரு பொருள் உசத்தி ஆகிடாது. பின்னறதுக்காக அப்பாகிட்ட பேசற நேரம் குறையுதுன்னா, தாராளமா பாரிமுனையில் வாங்கிட்டு வந்து, மிச்ச நேரத்தை அவர்கூடச் செலவு பண்ணலாம். அதுதான் பெரிய அன்பு. பின்னல் அவர்கிட்ட கூட்டிட்டுப் போகுதுன்னா, மூணு மாசம் ஆனாலும் வீண் இல்லை.

பாலபிஷேகத்துக்கும் இதே பதில்தான்னு நினைக்கிறேன். முருகனுக்குப் பால் தேவையில்லை. ஒருத்தரை இமைக்காமல், நெற்றியிலிருந்து பாதம் வரைக்கும் ஆசையாப் பார்க்கிற பழக்கம் நமக்குத்தான் தேவை. சந்நிதியில் அதைக் கத்துக்கறோம். கத்துக்கிட்டதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலைன்னா, நாமும் மயிலோடயே நின்னுட்டோம்னு அர்த்தம்.

அடுத்த செவ்வாய் சிறுவாபுரி க்யூவில் நிக்கும்போது, "முருகா, எனக்கு வீடு கொடு" என்று கேளுங்க, தப்பே இல்லை. கூடவே, இப்ப இருக்கிற வீட்டில் யார் குளிரில் இருக்காங்கன்னும் யோசிச்சுப் பாருங்க. யாராவது முகம் ஞாபகம் வந்தா, சந்நிதி வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். அங்கேயே வரிசையில் நின்னுக்கிட்டே ஒரு போன் போடுங்க. அவன் கோவிச்சுக்க மாட்டான்.

வேலும் மயிலும் துணை. முருகா சரணம்!