பாக்கி வைத்த ஊர்

அயலூரில் வசதியாக இருப்பது வேறு, அந்த ஊரில் வேர் பிடிப்பது வேறு. வசதி வந்தால் மற்றது தானாக வந்துவிடும் என்றுதான் கிரெனடாவுக்கு வேலைக்கு வரும் நம்மவர்கள் நினைக்கிறார்கள். இங்கே சில ஆண்டுகள் இருந்த பிறகு எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. வசதிதான் வேர் பிடிக்க விடாமல் தடுக்கிறதோ என்றுகூடத் தோன்றுகிறது.

கரீபியன் தீவுகளின் தென்கோடிக்குப் பக்கத்தில், வெனிசுவேலாவுக்கு வடக்கே இருக்கும் நாடு இது. பரப்பு 344 சதுர கிலோமீட்டர்; சென்னை மாநகராட்சியைவிடச் சிறியது. மக்கள்தொகை ஒரு லட்சத்துச் சொச்சம். தேசியக் கொடியிலேயே ஜாதிக்காய் இருக்கும். 1977இல் இங்கே ஒரு மருத்துவக் கல்வி நிறுவனம் பாடம் நடத்தத் தொடங்கியது. 1983இல் அமெரிக்காவின் ரீகன் அரசு இந்தத் தீவுக்குப் படை அனுப்பியபோது சொன்ன காரணங்களில் ஒன்று, அங்கே படித்த அமெரிக்க மாணவர்களின் பாதுகாப்பு. இன்று கரீபியன் மருத்துவக் கல்லூரிகளில் இந்திய ஆசிரியர்களைப் பார்ப்பது சாதாரணம். நானும் அப்படி உடற்கூறியல் கற்பிக்க வந்த ஆள்.

வந்து இறங்கியதும் எல்லாம் தயாராக இருக்கும். வீடு, போக வர வண்டி, காப்பீடு, வங்கிக் கணக்கு. அந்த வட்டத்துக்குள்ளேயே இருந்துவிட்டால் தீவு என்று ஒன்று தேவையே இல்லை. மயாமியிலிருந்து கப்பலில் வரும் சாமான் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும், விலைதான் கண்ணைக் கட்டும். ஞாயிற்றுக்கிழமை கிராண்ட் ஆன்ஸ் கடற்கரை. சாயங்காலம் யார் வீட்டிலாவது சாம்பார். பேச்சு எங்கே தொடங்கினாலும் கனடா பி.ஆரில் போய் முடியும். ஜங்ஷன் ஸ்டேஷனில் அடுத்த ரயிலுக்கு உட்கார்ந்திருப்பவர்களைப் போல ஒரு வாழ்க்கை. குறை சொல்லவில்லை. பிள்ளைகள் படிப்பு, ஊரில் பெற்றோருக்கு வயதாவது, எல்லாம் நியாயமான கவலைகள். ஆனால் இப்படி வாழ்கிறவர் யாருக்கும் ஒரு காசு பாக்கி வைப்பதில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன். கணக்கு சுத்தம். கிளம்பும்போது அவரைத் தேட ஆள் இருக்காது.

எனக்கு முதல் பாக்கி விழுந்தது ஒரு பிளாஸ்டிக் டப்பாவில். அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இருக்கிறார். ஒரு சனிக்கிழமை வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து 'நெய்பர்!' என்று கூப்பிட்டு, பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்றை நீட்டினார். உள்ளே ஆயில் டவுன். இந்த நாட்டின் தேசிய உணவு. சீமைப்பலாத் துண்டு, சேம்பு இலை, மாவு உருண்டை, உப்பிட்ட பன்றி வால், எல்லாவற்றையும் பெரிய பானையில் அடுக்கி, மஞ்சள் போட்டு, தேங்காய்ப்பால் ஊற்றி வேகவைப்பார்கள். பால் முழுவதும் வற்றி அடியில் எண்ணெய் மட்டும் நிற்க வேண்டும், அதுதான் பதம். மூடியைத் திறந்ததும் மஞ்சளும் தேங்காயும் மணத்தன. பன்றி வாலை ஒதுக்கிவிட்டால் நம் வீட்டுக் கூட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

போனில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கேட்ட முதல் கேள்வி, "டப்பாவை வெறுமனேயா திருப்பிக் குடுத்தே?" கொடுக்கவில்லை. எலுமிச்சை சாதம் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் டப்பா திரும்பி வந்தது, உள்ளே ஒரு பாட்டில் மிளகாய்ச் சாஸ். என் சாதத்தில் காரம் போதவில்லையாம். அதற்கு நான் ரசப்பொடி அனுப்ப, அவர் பச்சை வாழைக்காய் அனுப்ப, யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பது இப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் நல்லது. கணக்கை நேராக்க வேண்டுமென்றால் டப்பாவைக் கழுவி வெறுமனே கொடுத்தால் போதும், உறவும் அத்தோடு தீர்ந்துவிடும்.

இந்த ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் இப்படிப் பாக்கி வைத்துக்கொள்வதற்குக் காரணம் வெறும் அன்பு என்று சொன்னால் அது பாதி உண்மைதான். 2004 செப்டம்பர் 7ஆம் தேதி ஐவான் புயல் அடித்தபோது, தீவின் வீடுகளில் பத்தில் ஒன்பது சேதமாயின. இந்தோனேசியாவுக்கு அடுத்தபடியாக உலகத்துக்கு ஜாதிக்காய் அனுப்பிக்கொண்டிருந்த தோட்டங்கள் ஒரே நாளில் சாய்ந்தன. ஜாதிக்காய் மரம் நட்டால் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். பக்கத்து வீட்டு அம்மாவின் கூரையும் அன்று பறந்ததாம். நிவாரணம் வந்து சேரும்வரை தார்ப்பாய் கட்டிக் கொடுத்தது யார், அடுப்பு மூட்டியது யார் என்று இன்றைக்கும் பெயர் பெயராகச் சொல்கிறார். 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் இந்த நாட்டின் காரியக்கூ தீவைத் துடைத்துப்போட்டபோது, அவர் தண்ணீர் பாட்டில்களையும் துணிகளையும் மூட்டை கட்டியதில் பதற்றமே இல்லை. வெகுநாள் பாக்கியைத் தீர்க்கும் நிதானம் இருந்தது.

கடன்பட்டால் போதும், ஊரோடு ஒட்டிவிடலாம் என்று இதை நீட்டவும் முடியாது. நமக்கு முன்பே ஒப்பந்தத்தில் வந்தவர்கள் உண்டு. அடிமைமுறை ஒழிந்து தோட்டங்களுக்கு ஆள் கிடைக்காமல் போனபோது, 1857 மே 1 அன்று மெயிட்ஸ்டன் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து கூலிகளைக் கொண்டுவந்து இங்கே இறக்கியது. இடையில் வேலையை விட்டால் சிறை. அவர்கள் தோட்ட முதலாளிக்குக் கட்டுப்பட்டவர்கள். அண்டை வீட்டுக்கு அல்ல. என் சம்பளத்தையும் அவர்கள் கூலியையும் ஒரே தட்டில் வைக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவர்களின் வழித்தோன்றல்களிடம் இன்று மொழியும் இல்லை, பழைய சாமியும் அநேகமாக இல்லை. மண் மட்டும் அவர்களுடையதாகிவிட்டது. அது எந்த முதலாளி தந்த ஒப்பந்தத்திலும் எழுதியிருக்கவில்லை.

போன வருஷம் பக்கத்து வீட்டு அம்மா என்னை சுசுவில் சேர்த்துக்கொண்டார். நம்மூர்ச் சீட்டுதான், ஏலமும் கிடையாது, கமிஷனும் கிடையாது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்த வழக்கம். மாதா மாதம் எல்லோரும் ஒரே தொகை போட வேண்டும், முறை வைத்து ஒருவர் மொத்தத்தையும் எடுப்பார். அப்படி எடுப்பதை 'கை' என்கிறார்கள். புதியவர்களுக்குக் கடைசிக் கைதான். முதலிலேயே வாங்கிக்கொண்டு விமானம் ஏறிவிட்டால் மற்றவர்கள் கதி என்ன? நிர்வாகம் என்னிடம் வாங்கிய கையெழுத்துகளில் எதுவும் இவ்வளவு நேரடியாக என்னை எடைபோடவில்லை. கடைசி மாதம்வரை கட்டினேன், கடைசிக் கையை வாங்கினேன்.

இந்தச் சுற்றில் என் பெயரை மூன்றாவதாக எழுதியிருக்கிறார். என் வேலை ஒப்பந்தம் ஆகஸ்டில் முடிகிறது, சுற்றோ நவம்பர்வரை ஓடும். வரும் பணத்தில் புயல் பருவத்துக்கு முன்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி வாங்கி வைக்க உத்தேசம். வாடகை வீட்டுக்குத் தொட்டி எதற்கு என்று சக ஆசிரியர்கள் சிரிக்கிறார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காவிட்டால் நான் ஊருக்குக் கிளம்ப வேண்டியிருக்கும் என்று அந்த அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். நோட்டிலிருந்து அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"வெஸ்டர்ன் யூனியன் உங்கள் ஊரிலும் இருக்கும்தானே, நெய்பர்?"