கொன்றானா? கொன்றானாம்!

விடியற்காலை நான்கு மணிக்கு முக்கூடலில் விளக்கெரியும் வீடுகள் இருவகை. வெளியூர்ப் பயணம் புறப்படும் வீடு ஒன்று. அன்றைய கணக்குக்குப் பீடி சுற்றி முடிக்காத வீடு மற்றொன்று. அன்று பல வீடுகள் இரண்டுமாக இருந்தன. பிள்ளைக்குக் கட்டுச்சோறு கொடுத்துப் பேருந்தில் ஏற்றிவிட்டு, திரும்பிச் சென்று சுளகை மடியில் எடுத்து வைத்துக்கொண்ட தாய்மாரை நாம் கண்டோம். நாற்பது பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள், வாடகைக்கு அமர்த்திய பேருந்து ஒன்று. போகும் இடம் கழுகுமலை.

நேரத்தை வகுத்தவர்கள் நாமே. வெயில் ஏறிவிட்டால் அந்தப் பாறையிலே நிற்க முடியாது. ஆலங்குளம் கடந்து, சங்கரன்கோவில் கடந்து, கரிசல் மண் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியபோது கிழக்கு வெளுத்தது. பிள்ளைகள் பாடிக்கொண்டு வந்தனர். நாம் உறங்கிக்கொண்டு வந்தோம். உண்மையை எழுதுவதென்று உட்கார்ந்த பிறகு இதை மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?

வெட்டுவான் கோயிலைக் காணாத தோழர்களுக்கு ஒரு சொல். அது கட்டிய கோயில் அன்று, வெட்டிய கோயில். எட்டாம் நூற்றாண்டளவில், பாண்டியர் ஆட்சிக் காலத்தில், மலைப் பாறையை ஏறத்தாழ 25 அடி ஆழத்துக்குச் சுற்றிலும் அகழ்ந்தெடுத்து, நடுவிலே விட்ட ஒற்றைக் கல்லை மேலிருந்து கீழாகச் செதுக்கியிருக்கிறார்கள். வீடு கட்டுவோன் அடித்தளத்தில் தொடங்குவான். இவர்கள் உச்சியில் தொடங்கினார்கள்! அந்த உச்சியிலே நிறைவு இருக்கிறது. மத்தளம் கொட்டும் தட்சிணாமூர்த்தியும், குறும்புச் சிரிப்போடு வரிசையாய் நிற்கும் பூதகணங்களும் நேற்றுச் செதுக்கியவை போலத் தோன்றுகின்றன. கீழே வரவரக் கல், கல்லாகவே நிற்கிறது. உளி பட்ட தழும்பு உண்டு, உருவம் இல்லை. பாதியிலே நின்ற பணி அது.

கடவுளை நம்பாத நாம் அந்தக் கல்லின் முன்னே வாயடைத்து நின்றோம். இதில் வெட்கப்பட ஏதுமில்லை. வணங்குவதற்குத்தான் அங்கே கடவுள் தேவை. வியப்பதற்கு மனிதனின் கை போதும்.

வழிகாட்ட வந்தவர் முதியவர். வெண்கலக் குரல். பல்லாண்டு சொல்லிச் சொல்லி வழவழப்பேறிய கதையை அவர் தொடங்கினார். அப்பனும் மகனும் சிற்பிகள். இருவருக்கும் பிணக்கு. மகன் மலைமேலே இந்தக் கோயிலைச் செதுக்கினான். அப்பன் அடிவாரத்தில் முருகன் கோயிலைக் குடைந்தான். மகன் கைத்திறனை ஊர் புகழ்ந்தது. அப்பனுக்குப் பொறுக்கவில்லை. மலையேறி வந்தான், மகன் தலையை வெட்டினான். கோயில் பாதியிலே நின்றது! “இந்தா, இந்த எடத்துலதான் தலை விழுந்துச்சு” என்று பெரியவர் ஓரிடத்தைச் சுட்டிக் காட்டினார். நாற்பது பிள்ளைகளும் அந்த இடத்தைப் பார்த்தனர். நாமும் பார்த்தோம். கோயிலை யாரும் பார்க்கவில்லை.

அப்போது எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: “தாத்தா, அத யாரு பாத்தா? எங்கயாவது எழுதி வச்சிருக்கா?”

பெரியவர் சிரித்தார். “பெரியவங்க சொன்னது பாப்பா” என்றார். சிறுமி விடவில்லை. “அந்தப் பெரியவங்களுக்கு யாரு சொன்னா?”

தோழர்களே! மன்றத்திலும் மேடையிலும் ‘ஏன், எதற்கு, எப்படி’ என்று கேட்கச் சொல்லி முழங்குகிறோமே, நாம் அப்போது என்ன செய்தோம் தெரியுமா? “பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே, சும்மா இரு!” என்று அதட்டினோம். அவள் சும்மா இருந்தாள். மலையை விட்டு இறங்கும் வரை சும்மா இருந்தாள். ஊர் வந்து சேரும் வரை சும்மா இருந்தாள். காலையிலே பாடி வந்த பிள்ளை அவள்.

அதட்டியது மரியாதைக்காக என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிப் பார்த்தோம். அது ஒட்டவில்லை. நாம் அஞ்சியது வேறொன்றுக்கு. அந்தக் கதையைச் சென்ற வாரம், பயணத்துக்கு முன்னோட்டமாக, வகுப்பிலே சொன்னவர் யார்? நாம்தான்! சிறுமியின் வினா பெரியவரை நோக்கிப் புறப்பட்டது, தைத்தது நம்மை.

கதையைச் சற்றே உரசிப் பார்ப்போம். கேரளத்திலே பெருந்தச்சன் என்னும் பெரும் தச்சன். மகன் தன்னை மிஞ்சியது கண்டு, மேலிருந்து உளியை நழுவவிட்டு அவன் உயிரைப் போக்கினான் என்று அங்கே ஒரு கதை. ஸ்காட்லாந்தின் ராஸ்லின் தேவாலயத்திலே 15ஆம் நூற்றாண்டுத் தூண் ஒன்று. பயிலவந்த பையன் அதை அழகுறச் செதுக்கிவிட்டான் என்று குரு அவனை அடித்துக் கொன்றான் என்று அங்கே ஒரு கதை. 13ஆம் நூற்றாண்டில் எழுந்த கோணார்க்கிலே, தலைமைச் சிற்பியின் 12 வயது மகன் தருமபதன், பெரியவர்களால் முடியாத பணியை முடித்துவிட்டுக் கடலில் குதித்தான் என்று இன்னொரு கதை. ஒரே பிள்ளை எத்தனை ஊர்களிலே சாவான்? மாமல்லபுரத்திலும்தான் அடிப்பகுதி முடியாத கற்றளிகள் பல நிற்கின்றன. அங்கே எத்தனை அப்பன்மார் எத்தனை மகன்மாரைக் கொன்றார்கள்? மேலிருந்து கீழே செதுக்கும் பணி நின்றால், மேல் முடிந்து கீழ் முடியாமல் கிடக்கும். இவ்வளவுதான் கல் சொல்லும் சாட்சி. ஏன் நின்றது? பொருள் தீர்ந்திருக்கலாம், போர் மூண்டிருக்கலாம், ஆள்பவன் மாண்டிருக்கலாம், அவன் மனம் மாறியிருக்கலாம். நின்ற காரணத்தைச் சொல்லும் கல்வெட்டு ஒன்றும் அங்கே இல்லை.

‘போகட்டுமே, அழகான கதைதானே, அதனால் யாருக்கு என்ன நட்டம்?’ என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. நட்டப்பட்டவன் அந்தச் சிற்பி! 25 அடி ஆழம் கருங்கல்லை அகழ்ந்து அப்புறப்படுத்த எத்தனை கைகள் வேண்டும்? கல்லுடைத்தோர், சுமந்தோர், உளி தீட்டிக் கொடுத்த கொல்லர், கஞ்சி கொண்டுவந்த பெண்டிர்! கதையிலே இவர்கள் ஒருவரும் இல்லை. இருவர் மட்டும் இருக்கிறார்கள். அந்த இருவரிலும் ஒருவன் கொலைகாரன். பணியைத் தொடங்கச் சொன்னவன் கதையிலே இல்லை. நிறுத்தச் சொன்னவனும் இல்லை. வேலை நின்றதா? பழி வேலைக்காரன் மேல்! அரசன் மேல் ஒரு தூசும் படாத கதையை ஆயிரம் முறை சொல்லி, அதை மக்கள் கதை என்று நாம் கொண்டாடுகிறோம்.

தாஜ்மகாலைப் பார்க்க விடியலிலே வண்டியேறிப் போகிறவர்களுக்கும் ஒரு கதை காத்திருக்கிறது. இன்னொரு மாளிகை இதுபோல் எழக்கூடாது என்று ஷாஜகான் பணியாட்களின் கைகளை வெட்டினான் என்பது அது. அக்காலத்துச் சான்று எதுவும் அதற்கு இல்லை. 1632இல் தாஜ்மகால் பணி தொடங்கியது. அது நடந்துகொண்டிருக்கும்போதே, 1639இல், அதே ஷாஜகான் தில்லியில் செங்கோட்டையைத் தொடங்கினான். இரண்டிலும் உஸ்தாத் அகமது லாகூரியின் பெயர் பேசப்படுகிறது. கைகளை வெட்டிவிட்டு எந்தக் கையால் கோட்டை கட்டினான்? அரசன் நல்லவன் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டா. அரசனைக் குற்றம் சாட்டுவதற்கும் சான்று வேண்டும் என்பதுதான் நம் வழக்கு. நமக்குப் பிடித்த பொய்யும் பொய்தான்.

கதையே கூடாதென்று சொல்வோர் அல்லர் நாம். நாடகத்தாலும் கதையாலும் நாட்டைத் தட்டியெழுப்பியவர்களின் வழி வந்தவர்கள், கதையைப் பகைத்து எங்கே போவது? நம் பாட்டிமார் நமக்குக் கதை சொன்னார்கள். “ஒரு ஊர்ல ஒரு ராசா இருந்தானாம்; அவனுக்கு ரெண்டு பொண்டாட்டியாம்.” இருந்தானாம்! எழுதப் படிக்கத் தெரியாத கிழவி, தான் கண்டதையும் கேட்டதையும் பிரித்துக் காட்ட ஈரெழுத்தை வைத்திருந்தாள். ‘வந்தான்’ என்றால் அவள் கண்டாள். ‘வந்தானாம்’ என்றால் எவரோ சொல்லக் கேட்டாள். நாணயமாய்ப் பேசுவதற்குத் தமிழ் இத்தனை எளிய வழியைத் தந்திருக்க, மலைமேலே பெரியவர் ‘கொன்றான்’ என்றார். வகுப்பறையில் பட்டம் பெற்ற நாமும் ‘கொன்றான்’ என்றோம். ‘கொன்றானாம்’ என்று சொல்லியிருந்தால் கதையின் சுவை குறைந்திருக்குமா? சிறுமியின் வினாவுக்கு இடமாவது இருந்திருக்கும்.

பெரியவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. இறங்கும்போது தனியே பேசினோம். “தெரியாதுன்னு சொன்னா எவன் சார் காசு குடுப்பான்?” என்றார். அவர் வயிறு கேட்கும் நியாயம் அது. பாறையைக் காட்டி ‘யாரும் அறியார்’ என்று சொல்பவரைவிட, ‘தலை விழுந்த இடம் இது’ என்பவருக்கே பத்து ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறோம். கொடுக்கும் கை நம்முடையது. ஆனால் மாதந்தோறும் ஊதியம் பெறும் ஆசிரியருக்கு அந்த நியாயம் ஏது?

அதே மலையிலே, சற்றே நடந்தால், சமணச் சிற்பத் தொகுதி இருக்கிறது. பாறை முகம் முழுவதும் வரிசை வரிசையாக அமர்ந்த தீர்த்தங்கரர். அடியிலே வட்டெழுத்துக் கல்வெட்டுகள், நூற்றுக்கும் மேல். இன்ன ஊரைச் சேர்ந்த இன்னார் செய்வித்தது என்று பெயர்கள். அவற்றிலே குரத்தியர் பெயர்கள் உண்டு. குரவர் என்றால் ஆசான். குரத்தி என்றால் ஆசிரியை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் முன்பே, இந்தப் பொருநைப் பக்கத்து நாட்டிலே கற்பித்த பெண்கள், தம் பெயரைக் கல்லிலே விட்டுச் சென்றிருக்கிறார்கள்! நம் மாணவியர் இருபத்திரண்டு பேர் அந்தக் கல்லைக் கடந்து நடந்தனர். பெரியவர் “சாமியார் செலைங்க” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அங்கே தலை ஏதும் விழவில்லை அல்லவா? (இங்கும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘செய்வித்த’ என்பது பிறவினை. செய்வித்தவர் பெயர் நின்றது. செய்தவர் பெயர் இங்கும் இல்லை.)

குருதிதான் கேட்போரை இழுக்கும் என்றால், ஐயத்துக்கு இடமில்லாத குருதியும் அந்த ஊரிலே சிந்தியிருக்கிறது. கழுகுமலைத் தேர் வீதிகளிலே ஊர்வலம் போகும் உரிமையை நாடார் மக்கள் கேட்டனர், மறுக்கப்பட்டது. வழக்குமன்றம் ஏறினர்; அங்கும் கிட்டவில்லை. பலர் கிறித்துவம் தழுவினர். 1895இல், தேரோட்டத்தின்போது மூண்ட கலவரத்தில் இரு தரப்பிலும் உயிர்கள் போயின. ஆண்டு உண்டு, ஆவணம் உண்டு, வீதி இன்றும் அங்கே உண்டு. எந்த இடத்தில் தலை விழுந்தது என்று கைநீட்டிக் காட்ட வேண்டுமானால் அந்த வீதியையன்றோ காட்ட வேண்டும்? சான்றில்லாத ஒரு கொலையை நாற்பது பிள்ளைகள் கேட்டனர். சான்றுள்ள சாவுகளை ஒருவரும் கேட்கவில்லை. பெரியவர் சொல்லவில்லை என்பதிருக்கட்டும், நாம் சொன்னோமா? சொல்லவில்லை. பேருந்திலே பல சாதிப் பிள்ளைகள் இருந்தனர். மறுநாள் எந்தத் தகப்பனார் பள்ளிக்கு வந்து நிற்பாரோ என்று எண்ணினோம். சிற்பியின் மகன் செத்த கதையைச் சொன்னால் யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

அன்றிரவு உறக்கம் வரவில்லை. நாம் கற்பித்தவற்றில் எவையெல்லாம் ‘ஆம்’ இல்லாமல் சொன்னவை என்று ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்த்தோம். முதலில் அகப்பட்டது நம் ஊர்ப் பெருமை. முக்கூடற்பள்ளு பாடப்பெற்ற முக்கூடல் இதுவே என்று வகுப்பிலே நெஞ்சு நிமிர்த்திச் சொல்லியிருந்தோம். அந்த முக்கூடல் இதுவன்று. நெல்லைக்குக் கிழக்கே, தாமிரபரணியோடு சிற்றாறும் கயத்தாறும் கூடும் இடம் அது. இன்று சீவலப்பேரி என்கிறார்கள். கல்லூரியிலே இது ஒருமுறை காதில் விழுந்ததுதான். ஊர்ப்பற்று அதை உள்ளே விடவில்லை.

மறுநாள் முதல் மணியில் இரண்டையும் சொன்னோம். வெட்டுவான் கோயில் ஏன் நின்றது என்று நமக்குத் தெரியாது என்றோம். பள்ளு நம் ஊரைப் பற்றியதன்று என்றோம். மலையிலே கேட்ட வினா சரியான வினா, அதட்டியதுதான் தவறு என்று அந்தச் சிறுமியைப் பார்த்துச் சொன்னோம். அவள் முகத்தில் மகிழ்ச்சி வருமென்று எதிர்பார்த்தோம். வரவில்லை. அவள் எழுந்தாள்.

“அப்ப, அரையாண்டுப் பரீட்சையில ‘நம்ம ஊரு’ன்னு எழுதினேன், மார்க் போட்டீங்களே சார்?”

வகுப்பு சிரித்தது. கடைசி வரிசையில் ஒரு பையன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் தாய் பிறந்த ஊர் சீவலப்பேரி. அவன் விடையைச் சிவப்பு மையால் அடித்தவர் நாம்தான்.